நேப்பிள்ஸில் ஒரு பகல்

தூத்துக்குடி,
ஞாயிறு காலை.

அன்பு மகள் செல்விக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். கப்பல் இத்தாலியின் நேப்பிள்ஸில் ஒரு பகல் நிற்கிறது, நாங்களே இறங்கிச் சுற்றலாமா, இல்லை கப்பலில் விற்கும் சுற்றுலாவுக்குப் பணம் கட்டிவிடவா என்று நேற்று போனில் கேட்டாய். தாராளமாகச் சுற்றலாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் சம்பந்தியம்மாவும் உங்களோடு வருகிறார் என்று அம்மா பிறகு சொன்னதும், அந்த ஒரு வரி போதாது என்று தோன்றியது. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் கடிகாரம். கப்பல் மாலை 6 மணிக்குக் கிளம்புகிறது, 5.30-க்குள் எல்லோரும் ஏறியிருக்க வேண்டும் என்றாய். உன் கணக்கில் அதை 4.30 என்று வைத்துக்கொள். காலை எத்தனை மணிக்கு இறங்குவோம் என்பதிலிருந்து திட்டம் போடாதே, 4.30-க்குத் துறைமுக வாசலில் நிற்க வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடு. கப்பல் நிறுவனமே அழைத்துப் போகும் சுற்றுலா தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். தானாகப் போனவர்களுக்காகக் காத்திருக்காது. விட்டுவிட்டால் அடுத்த துறைமுகம் வரை உங்கள் செலவில்தான் போய்ச் சேர வேண்டும். கப்பலில் தினமும் கொடுக்கும் தாளில் உள்ளூர் ஏஜென்டின் போன் எண் இருக்கும். அதைப் போனில் மட்டும் பதியாமல் ஒரு காகிதத்திலும் எழுதி, மாப்பிள்ளை பையில் ஒன்றும் உன் பையில் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், அதே ஊரில் நான் பட்டது அப்படி. 1988-இல் எங்கள் சரக்குக் கப்பல் அங்கே நின்றபோது எனக்குக் கரையிறங்க அரை நாள் ஷோர் லீவ் கிடைத்தது. மாலை 4 மணி வாட்சுக்கு, அதாவது என் வேலை முறைக்கு, எஞ்சின் ரூமில் இருக்க வேண்டும். எரிமலைச் சாம்பலில் புதைந்து, பிறகு தோண்டியெடுத்த பழைய ரோமானிய ஊரான பொம்பெயைப் பார்த்துவிட வேண்டும் என்று வெறி. அந்த எரிமலையான வெசுவியஸைச் சுற்றி ஓடும் சின்ன ரயிலில் கூட்டத்தோடு கூட்டமாக ஏறிவிட்டேன். கால் மணி நேரம் கழித்து ஜன்னலைப் பார்த்தால் கடலைக் காணோம். பொம்பெய் போகும் வழியில் மலை இடப்பக்கமும் கடல் வலப்பக்கமும் இருக்க வேண்டும். எனக்கோ மலை வலப்பக்கம் நிற்கிறது. மலைக்குப் பின்புறமாக நோலா என்ற ஊர் போகும் ரயில் அது. அங்கே இறங்கி, திரும்பி வரும் ரயிலுக்குக் காத்து நின்ற நேரம் இன்றைக்கும் நெஞ்சில் இருக்கிறது. துறைமுகத்துக்கு ஓடி வந்து கப்பலின் கேங்வே ஏணியில் கால் வைத்தபோது வாட்சுக்குப் பத்து நிமிடம் இருந்தது. பொம்பெயை நான் கடைசி வரை பார்க்கவில்லை.

ஆனாலும் உன்னிடம் சொல்கிறேன், பொம்பெயை விட்டுவிடு.

மாப்பிள்ளைக்கு அதில் மனக்குறை இருக்கும் என்று தெரியும். யோசித்துப் பார். ரயில் பயணம் மட்டும் ஒரு வழிக்கு 35, 40 நிமிடம். நிலையம் போவது, டிக்கெட், வரிசை எல்லாம் சேர்த்தால் போக வர மூன்று மணி நேரம் கரைந்துவிடும். அங்கே தெருவெல்லாம் பெரிய பெரிய எரிமலைக் கல், மேடும் பள்ளமும், சக்கரம் உழுத தடம். நிழல் குறைவு. முழங்கால் வலி உள்ள சம்பந்தியம்மாவை அந்தக் கல்லில் நடத்துவது பாவம். அதோடு, பொம்பெயில் கிடைத்த மிக நல்ல சுவரோவியங்களையும், சின்னக் கற்களைப் பதித்துச் செய்த மொசைக்குகளையும் தோண்டிய காலத்து அரசர்கள் பெயர்த்தெடுத்து நேப்பிள்ஸுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அவை இருக்கும் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம் உங்கள் கப்பல் நிற்கும் இடத்திலிருந்து மெட்ரோவில் மூன்றாவது நிலையம். மாப்பிள்ளை மனம் ஆறவில்லை என்றால் அவர் மட்டும் காலையிலேயே பொம்பெய் போய் வரட்டும். இப்போது அங்கே ஒரு நாளைக்கு 20,000 பேரைத்தான் விடுகிறார்கள், டிக்கெட்டில் பெயர் இருக்கும், ஆகவே முன்பதிவும் அடையாள அட்டையும் வேண்டும். சொரென்டோ போகும் ரயிலில் ஏறி, 'பொம்பெய் ஸ்காவி' என்ற நிலையத்தில் இறங்க வேண்டும். பிற்பகல் 2 மணிக்கு மேல் அவர் அங்கே நிற்கவே கூடாது. அன்றைக்கு ரயில் வேலைநிறுத்தம் இருக்கிறதா என்று முதல் நாளே பார்க்கச் சொல். இத்தாலியில் அது அடிக்கடி நடப்பது.

அன்று விடியற்காலையில் ஒருவரும் தூங்க வேண்டாம். மூன்று பேரும் மேல் தளத்தில் நில்லுங்கள். கப்பல் வளைகுடாவுக்குள் நுழையும்போது வலப்பக்கம் காப்ரி தீவு, எதிரே வெசுவியஸ், இடப்பக்கம் மிசேனோ முனை. கி.பி. 79-இல் மலை வெடித்தபோது ரோமானியக் கடற்படையின் தலைவர் பிளினி அந்த முனையில்தான் இருந்தார். எல்லோரும் விலகி ஓட, அவர் கப்பல்களை மலைப்பக்கம் திருப்பி ஆட்களை ஏற்றப் போனார். கரையிலேயே இறந்தார். கடலில் வேலை பார்த்தவன் எனக்கு அவர்மீது மிகுந்த மரியாதை. நம் நாட்டுப் பொருளுக்காக ரோம் ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் காசை இழக்கிறது என்று குறைபட்டுக்கொண்டவரும் அவரேதான். மிளகும் முத்தும் படுத்திய பாடு அது. மிசேனோவுக்கு உள்ளடங்கி இருக்கும் பொத்சுவோலிதான் அன்று கிழக்குச் சரக்கு வந்திறங்கிய பெரிய துறைமுகம். நம் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்விடக்கூடிய கொற்கையின் முத்துக்குளிப்பை அந்தக் காலத்துக் கிரேக்கக் கடலோடி ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கரையைப் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்.

கப்பலை விட்டு இறங்கியதும் எதிரே தடித்த கோபுரங்களோடு ஒரு கோட்டை தெரியும். இரண்டு கரிய கோபுரங்களுக்கு நடுவே செருகி வைத்தது போல வெள்ளைச் சலவைக்கல் வளைவு. வெளியிலிருந்து பார்த்தால் போதும். அதன் பக்கத்திலேயே முனிசிப்பியோ மெட்ரோ நிலையம். அதைக் கட்டத் தோண்டியபோதுதான் பழைய ரோமானியத் துறைமுகமும் மரக்கப்பல்களும் அகப்பட்டன. டிக்கெட்டை இயந்திரத்தில் பதிந்துவிட்டு, பிஷினோலா பக்கம் போகும் ரயிலில் ஏறி 'முசேயோ'வில் இறங்குங்கள்.

என் திட்டத்தின் சூட்சுமம் இதுதான்: மேட்டுக்கு ரயிலில் போ, பள்ளத்துக்கு நடந்து வா. அருங்காட்சியகம் மேட்டில் இருக்கிறது, கப்பல் கடலோரம் இருக்கிறது. பகல் முழுவதும் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே வந்தால் முழங்காலுக்கும் தெரியாது, வழி தவறினாலும் சரிவு கடலுக்குக் கொண்டுவந்து விட்டுவிடும்.

அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை விடுமுறை. நீங்கள் இறங்குவது புதன், நல்ல வேளை. 9 மணிக்குத் திறக்கும்போதே வாசலில் இருங்கள். 1994-இல் மறுபடி அங்கே போன கப்பல் இரண்டு நாள் நின்றபோது நான் பார்த்திருக்கிறேன். அங்கே ஒரு கடல் மொசைக் உண்டு, பொம்பெய் வீடு ஒன்றின் தரையில் இருந்தது. நடுவில் ஒரு பேய்க்கணவாய் சிங்கி இறாலைச் சுற்றிப் பிடித்திருக்கும், பக்கத்தில் ஒரு அஞ்சாலை வாயைத் திறந்துகொண்டு வரும். சுற்றிலும் விதவிதமான மீன். கிட்டே போய்க் குனிந்து பார். கடுகைவிடச் சற்றே பெரிய கற்கள், ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக. மீனின் கண்ணில் ஒளி விழுவதற்கென்று ஒரு வெள்ளைக் கல்லை மட்டும் வைத்திருக்கிறான். நம் கடற்கரையில் ஏலத்துக்கு வரும் மீனைப் பார்ப்பது போலப் பெயர் சொல்லிப் பார்த்தேன். மாடியில் பொம்பெய் நகரத்தையே நூற்றில் ஒரு பங்கு அளவில் செய்த மாதிரி ஒன்று இருக்கிறது. சம்பந்தியம்மாவுக்கு அது ஒன்றே போதும், ஊரையே பார்த்த மாதிரி.

இனிச் சொல்வதுதான் எனக்கு முக்கியம். 1938-இல் பொம்பெயில் ஒரு வீட்டைத் தோண்டியபோது நம் நாட்டு யானைத் தந்தச் சிலை ஒன்று கிடைத்தது. ஒரு சாணுக்குச் சற்று அதிக உயரம். பின்னிய தலை, ஒட்டியாணம், கை நிறைய வளையல், இரு பக்கமும் இரண்டு தோழிப் பெண்கள். லட்சுமி என்று பெயர் வைத்தார்கள். யட்சியாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எரிமலை வெடிப்பதற்கு முன்பே யாரோ ஒரு வியாபாரி நம் நாட்டிலிருந்து கொண்டுபோயிருக்க வேண்டும். அது இருப்பது 'ரகசிய அறை' என்று அவர்கள் சொல்லும் பகுதியில். நான் போனபோது அந்த அறை பூட்டிக் கிடந்தது. 2000-இல்தான் எல்லோருக்கும் திறந்தார்கள். அங்கே மற்றவை ஆண் பெண் உறவைப் பச்சையாகக் காட்டும் சிற்பங்களும் ஓவியங்களும். சம்பந்தியம்மாவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நீ மட்டும் போய் வந்தால் நல்லது. உள்ளே நுழைந்தவுடனேயே அந்த அறை திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிடு.

11.30-க்கெல்லாம் வெளியே வந்துவிடுங்கள். இறங்கினால் தாந்தே சதுக்கம். அதன் ஓரத்து வளைவுக்குள் புத்தகக் கடைகள், அதைத் தாண்டிப் போனால் பழைய ஊர். தெருக்கள் கிரேக்கர் போட்ட கோட்டிலேயே இன்றும் ஓடுகின்றன. ஸ்கூட்டர் எந்தப் பக்கத்திலிருந்தும் வரும். கைப்பை முன்பக்கம், போன் கையில் வேண்டாம், சங்கிலியைக் கப்பலிலேயே கழற்றி வைத்துவிடு.

சாப்பாடு அந்தத் தெருக்களிலேயே. சம்பந்தியம்மா சைவம் என்பதால் இதைக் கவனமாகப் படி. 'மரினாரா' என்று பீட்சா உண்டு. பெயரைப் பார்த்து மீன் என்று பயப்படாதே. கடலோடிகளின் பீட்சா என்றுதான் அர்த்தம். தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய், அவ்வளவுதான், சீஸ்கூடக் கிடையாது. விறகு அடுப்பில் ஒன்றரை நிமிடத்தில் வெந்து, ஓரம் கருகிய கொப்புளங்களோடு வரும். நடுப்பகுதி ஈரமாக இருக்கும், அதுதான் அங்கே பக்குவம். வேகவில்லை என்று திருப்பி அனுப்பிவிடாதே. கண்ணாடிக்குள் அடுக்கடுக்காகச் சிப்பி போல ஒரு இனிப்பு ஆசை காட்டும், ஸ்ஃபோலியாத்தெல்லா என்று பெயர். அந்த மொறுமொறுப்பு பழைய முறைப்படி பன்றிக் கொழுப்பில் வருவது. அவருக்கு வாங்கிக் கொடுத்துவிடாதே. மிளகு போட்ட தராள்ளி முறுக்கும் அப்படியே. அவருக்கு எலுமிச்சை கிரானிட்டா என்ற ஐஸ் வாங்கிக் கொடு. நீங்கள் இருவரும் காபியை நின்றுகொண்டே குடியுங்கள். உட்கார்ந்தால் விலை வேறு.

பிறகு சான்த்தா கியாரா மடத்தின் முற்றம். 1943 குண்டுவீச்சில் பக்கத்துத் தேவாலயம் எரிந்தது, இந்த முற்றம் தப்பியது. எண்கோணத் தூண்கள் முழுக்க மஞ்சளும் நீலமும் பச்சையுமாக ஓடுகள், கொடியும் எலுமிச்சையும் வரைந்தவை. தூண்களுக்கு நடுவே உள்ள பெஞ்சுகளில் மீன் பிடிப்பவர்களும் வேட்டைக்காரர்களும். அவை பார்ப்பதற்கு, உட்காருவதற்கு அல்ல. அங்கே நிழல் உண்டு, அவசரப்படாமல் இருங்கள். முக்காடு போட்ட கிறிஸ்து சிலை உள்ள சான்செவேரோ சிறுகோயில் அருகில்தான். ஒரே சலவைக்கல்லில் மெல்லிய துணியை 1753-இல் செதுக்கியிருக்கிறார்கள். முன்பதிவு கிடைத்தால் மட்டும் பார், கிடைக்காவிட்டால் வருந்தாதே. மற்றத் தேவாலயங்கள் மதியத்தில் சாத்திவிடுவார்கள்.

3.30-க்கு எங்கே இருந்தாலும் கடலைப் பார்த்துத் திரும்பிவிடுங்கள். சம்பந்தியம்மா களைத்திருந்தால் டாக்சி பிடி. ஏறும்போதே நிர்ணயக் கட்டணம் என்று பேசிவிட்டு ஏறு.

அவருக்கு என் வணக்கத்தைச் சொல். மாப்பிள்ளையிடம் மலை இடப்பக்கம் இருக்க வேண்டும் என்று மறக்காமல் சொல். அந்தத் தந்தச் சிலையை நிறையப் போட்டோ எடு. போட்டோவில் தெரியாதது ஒன்று எனக்கு வேண்டும். பக்கவாட்டில் நின்று, அவள் கையில் எத்தனை வளையல் என்று எண்ணி, கப்பல் ஏறியதும் எனக்குச் சொல். போனுக்குப் பக்கத்திலேயே இருப்பேன்.

அன்புடன்,
அப்பா