கிராமும் கரண்டியும்

ஆசிரியருக்கு,

தங்கள் வார இதழின் சமையல் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த பட்டர் கேக் குறிப்பில் மா, சீனி, பட்டர் ஒவ்வொன்றும் 225 கிராம் என்று மட்டுமே கொடுக்கப்பட்டிருந்தது. மலையகத்தில் வீட்டில் கேக் அடிக்கும் பலரிடம் தராசு இல்லை; அரிசியைச் சுண்டாலும் மற்றவற்றைக் கரண்டியாலும் அளந்தே பழகியவர்கள் நாங்கள். ஒரு மேசைக்கரண்டி 15 கிராம் என்று எங்கோ படித்த நினைவில், பொதியில் நிறை அச்சிட்டிருந்த பட்டரைத் தவிர மற்ற இரண்டிலும் பதினைந்து கரண்டி போட்டேன். கேக் நடுவில் குழிந்து, அடித்தாளெல்லாம் பட்டர் கசிந்து வெளியே வந்தது.

பிழை என்னுடையதுதான். மேசைக்கரண்டி கொள்வது 15 மில்லிலீற்றர். அது 15 கிராம் ஆவது தண்ணீருக்கு மட்டுமே. மழைநாளில் பறித்த கொழுந்தும் வெயில்நாளில் பறித்த கொழுந்தும் ஒரே கூடையை நிறைத்தாலும் தராசில் ஒன்றாக நிற்பதில்லை என்பதை அறிந்த தோட்டத்துப் பிள்ளையான எனக்கே அடுப்படியில் அது நினைவுக்கு வரவில்லை. தலைதட்டி அளந்த ஒரு மேசைக்கரண்டி கோதுமை மா ஏறக்குறைய 8 கிராம், சீனி 12 முதல் 13 கிராம். ஆகவே நான் போட்ட மா 120 கிராம்தான்; போட வேண்டியிருந்தது 28 கரண்டி.

இருபத்தெட்டுக் கரண்டியை எண்ணுவதற்குள் யாரேனும் வாசலில் கூப்பிட்டால் கணக்குப் போய்விடும் என்பதால், அத்தகைய அளவுகளை 250 மில்லிலீற்றர் கோப்பையில் கொடுப்பதே நல்லது: 225 கிராம் மாவுக்கு ஒன்றே முக்கால் கோப்பை. ஆனால் மாவை அரித்து, கரண்டியால் கோப்பைக்குள் இட்டு, கத்தியின் முதுகால் வழித்துவிட வேண்டும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். கோப்பையையே மாவுக்குள் அமிழ்த்தி அள்ளினால் 20, 30 கிராம் கூடிவிடும்.

பேக்கிங் பவுடரின் கதை வேறு. ஒரு தேக்கரண்டி சுமார் 4 கிராம்தான் என்பதால், சாதாரண வீட்டுத் தராசின் முள் அதற்கு அசைவதே அரிது. அங்கே 5 மில்லிலீற்றர் அளவுக் கரண்டியையே நம்பலாம். தேநீர் கலக்கும் கரண்டி வீட்டுக்கு வீடு வேறுபடும். மேலும், கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலிருக்கும் நுவரெலியாவில் காற்றழுத்தம் குறைவாதலால் கேக் அளவுக்கு மீறிப் பொங்கிப் பின்னர் அமுங்கிவிடும். கொழும்பில் சரியாக வரும் ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடரில் எட்டில் ஒரு பங்கிலிருந்து கால் பங்கு வரை நாங்கள் குறைக்க வேண்டியுள்ளது.

கிராம் கணக்கை நீக்குமாறு நான் கேட்கவில்லை. தராசு உள்ளவர்களுக்கு அதைவிடச் சரியான வழி இல்லை. பக்கத்திலேயே கோப்பை, கரண்டி அளவுகளையும், அவை எத்தனை மில்லிலீற்றர் என்பதையும் அச்சிடுங்கள். அவுஸ்திரேலியாவின் மேசைக்கரண்டி 20 மில்லிலீற்றர். அமெரிக்கக் கோப்பை ஏறத்தாழ 240. அந்நாட்டுக் குறிப்புகளைத் தழுவி எழுதும்போது இது விடுபட்டுவிடுகிறது. நத்தார் நெருங்குகையில் ரவை சேர்த்த கேக் குறிப்பைத் தாங்கள் வெளியிடுவது வழக்கம். ரவை ஒரு மேசைக்கரண்டி சுமார் 11 கிராம் வரும். இம்முறை அந்தக் குறிப்பிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
நுவரெலியா.