நுழைவுக் கட்டணம் சொன்னீர்கள், நேரம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த இங்கிலாந்துப் பயணக் கட்டுரை நுழைவுக் கட்டணங்களை விரிவாகச் சொன்னது; நேரத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அங்கே பழங்கட்டடம் பார்க்கப் போகிறவர்களின் பயணம் கெடுவது பெரும்பாலும் நேரத்தால்தான்.

வட்டமாக நிற்கும் பழங்காலப் பெருங்கற்களான ஸ்டோன்ஹெஞ்சையே எடுத்துக்கொள்ளுங்கள். மூடுவதற்கு 2 மணி நேரம் முன்பே கடைசி நுழைவு முடிந்துவிடும். லண்டன் வாட்டர்லூவிலிருந்து சால்ஸ்பரிக்கு ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம், பிறகு பேருந்து. பார்வையாளர் மையத்திலிருந்து கற்களுக்கு இன்னும் 2 கி.மீ.க்கு மேல். மதியச் சாப்பாடு முடித்துக் கிளம்பினால் குளிர்காலத்தில் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். சால்ஸ்பரி பேராலயத்தில் மாக்னா கார்ட்டா என்ற 1215ஆம் ஆண்டு உரிமைச் சாசனத்தின் எஞ்சிய நான்கு பிரதிகளில் ஒன்று இருக்கிறது. அதை வைத்திருக்கும் மண்டபத்தைப் பேராலயத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபே, செயின்ட் பால்ஸ் ஆகிய ஆலயங்களில் வழிபாடு மட்டும்தான், சுற்றிப்பார்க்க முடியாது. கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. வெள்ளிக்கிழமை மட்டும் பிரிட்டிஷ் மியூசியம் இரவு 8.30 வரையும், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 10 வரையும் திறந்திருக்கும். கூட்டமும் குறைவு. விமான நிலையத்திலிருந்து சக்கரப் பெட்டியோடு நேரே பிரிட்டிஷ் மியூசியம் போகாதீர்கள், உள்ளே விடமாட்டார்கள்.

பழங்கட்டடங்களைக் காக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்டின் மாளிகைகளில் 'கிஃப்ட் எய்ட்' என்ற நன்கொடை சேர்த்து ஒரு விலை, சேர்க்காமல் ஒரு விலை என்று இரண்டு இருக்கும். முதலாவது பிரிட்டனில் வரி கட்டுகிறவர்களுக்கானது. நம்மவர்கள் குறைந்த விலையைக் கேட்டு வாங்கினால் போதும். உள்ளே திரைச்சீலையை இழுத்து இருட்டாக வைத்திருப்பதைப் பலர் குறை சொல்கிறார்கள். பழந்துணிக்கும் நீர்வண்ண ஓவியத்துக்கும் 50 லக்ஸ் என்ற மங்கலான வெளிச்சம்தான் வரம்பு. வெளுத்த சாயம் திரும்ப வராது. வாசலில் சிறிது நேரம் நின்று கண்ணைப் பழக்கிக்கொண்டு நுழையுங்கள்.

மாலை 5 மணிக்கு மேல் எல்லாம் மூடியபின், பேராலயங்களில் 'ஈவன்சாங்' என்ற பாடல் வழிபாடு நடக்கும். கட்டணம் இல்லை. முக்கால் மணி நேரம் உட்கார்ந்து கேட்க வேண்டும். படம் எடுக்கக் கூடாது. பள்ளி, கல்லூரி விடுமுறைக் காலத்தில் அந்தந்தப் பேராலயத்தின் பாடகர் குழு இருக்காது என்பதை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டுரை தொடாமலே விட்டது சிற்றூர்ப் பங்கு ஆலயங்களை, அதாவது ஊர் மக்களின் தேவாலயங்களை. எனக்கு அந்நாட்டின் மிகச் சிறந்த அருங்காட்சியகங்கள் அவைதான். சன்னலைப் பார்த்தே வயது சொல்லலாம்: அரைவட்ட வளைவென்றால் 12ஆம் நூற்றாண்டு அல்லது அதற்கும் முன், ஒடுங்கி உயர்ந்த கூர்முனை என்றால் 13, மேற்பகுதியில் கல் கொடிபோல வளைந்து பின்னியிருந்தால் 14, கல் சட்டங்கள் நேராக உச்சிவரை ஏறினால் 15. ஒரே ஆலயத்தில் நான்கும் கலந்திருப்பது சாதாரணம். லட்லோ ஊரின் செயின்ட் லாரன்ஸ் ஆலயத்தில் பாடகர் இருக்கைகளின் மடக்குப் பலகைக்கு அடியில் இடைக்காலச் செதுக்கல்கள் உண்டு. குனிந்து பார்க்காதவர்களுக்குத் தெரியாது.

கதவு சாத்தியிருந்தால் பூட்டு என்று திரும்பிவிடாதீர்கள். கனமான இரும்பு வளையத்தைத் திருகினால் உள்தாழ் எழும்பும். வெளியே வரும்போது கம்பிவலைக் கதவையும் சாத்துங்கள், இல்லாவிட்டால் பறவைகள் உள்ளே புகுந்து சிக்கிக்கொள்ளும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை