பிரேசில் கால்பந்து வீரர் அட்ரியானோவுக்கு

அன்புள்ள அட்ரியானோ,

நேற்று அப்பாவுக்குத் திதி. படையல் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, 2009 ஏப்ரலில் உன்னைத் திட்டி இதே தளத்தில் எழுதிய பதிவை நீக்கினேன். 'நன்றி கெட்டவன்' என்று எழுதியிருந்தேன். நீ படித்திருக்கமாட்டாய். ஊரே படித்தது, நிறையப் பேர் பாராட்டினார்கள். அதனால் மன்னிப்பையும் எல்லோர் முன்னாலும் கேட்கிறேன்.

2004 கோபா அமெரிக்கா இறுதியாட்டத்தில், லிமாவில் கடைசி நிமிடத்தில் அடித்த கோலெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என்னை விடாமல் பிடித்திருப்பது 2024-இல் நீயே எழுதிய அந்த கிறிஸ்துமஸ் இரவு. இத்தாலிக்குப் போன முதல் வருடம், பத்தொன்பது வயது. உன் அணித் தோழர் சீடோர்ஃப் வீட்டில் நல்ல விருந்து. உனக்கு மனம் ஒட்டவில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அறைக்குத் திரும்பி அம்மாவுக்கு ஃபோன் போட்டாய். எல்லோரும் வந்திருக்கிறார்கள் என்றார் அம்மா. அதற்குப் பிறகு வோட்கா பாட்டிலும் அழுகையும் சோஃபாவும்தான்.

எனக்கும் உன் வயதுதான். ஷார்ஜாவில் முதல் பொங்கலன்று அம்மா ஃபோனை அடுப்புப் பக்கம் நீட்டி, "பால் பொங்கிடுச்சுடா, கேக்குதா?" என்றாள். பின்னால் அப்பா, "சாப்டானான்னு கேளு" என்றார். கேட்டது, எல்லாம் கேட்டது. அன்று ராத்திரி என் அறையில் நடந்ததை இங்கே எழுதமாட்டேன். அக்கா இதைப் படிப்பாள்.

2009 பிப்ரவரியில் அப்பா போனார். பாஸ்போர்ட் கம்பெனி கையில். பால் தெளித்து முடிந்த பிறகுதான் வீட்டுப் படியேறினேன். இரண்டே மாதத்தில் நீ உன் இத்தாலி அணியான இன்டர் மிலானுக்குத் திரும்பவில்லை, சொந்த ஊர் ரியோவிலேயே இருந்துவிட்டாய், ஆட்டத்தில் சந்தோஷம் போய்விட்டது என்றாய். நினைத்தவுடன் வீட்டுக்குப் போக ஒருவனால் முடிகிறதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதைத்தான் கால்பந்து அலசல் போல எழுதினேன்.

நியாயமும் கொஞ்சம் இருந்தது, இன்றும் சொல்வேன். திருவல்லிக்கேணி மேன்ஷனில் கம்ப்யூட்டர் விளையாட்டில் உன் உதைக்கு 99 மதிப்பெண். உன் அணி யாருக்கு என்று சண்டையே நடக்கும். அந்த இடது காலை நீ இப்படி விட்டிருக்கக் கூடாது. எங்களுக்கு நீ ஒன்றும் கடன்படவில்லை, தெரியும். ஆனாலும் கோபம் முழுதாகப் போகவில்லை.

2004 ஆகஸ்டில் உன் அப்பா இறந்த செய்தி ஃபோனில் வந்ததும் நீ கத்திய கத்தலைப் பற்றி இன்டரில் உன்னோடு ஆடிய ஜனெட்டி சொல்லியிருக்கிறார். அதன் பிறகும் கோல் அடித்து வானத்தை நோக்கிக் கை உயர்த்தினாய். நாங்கள் அதைக் கொண்டாட்டம் என்று நினைத்துக் கத்தினோம். வீட்டுக்குப் போய் வீணாகிவிட்டான் என்று நான் எழுதிய அதே வருடம் ரியோவின் ஃப்ளமெங்கோ அணிக்கு 19 கோல் அடித்தாய். பதினேழு வருடத்துக்குப் பிறகு அவர்களுக்கு பிரேசில் பட்டம். அதைப் பற்றி நான் ஒரு வரி எழுதவில்லை.

பதினெட்டு வயதில் ரியல் மாட்ரிட் அணிக்குப் போன உங்கள் பிரேசில் பையன் எண்ட்ரிக்கை 'இவன் தேறமாட்டான்' என்று யாராவது சொன்னால் இப்போது எனக்குத் தாங்குவதில்லை. ராத்திரி அவன் யாருக்கு ஃபோன் போடுகிறான் என்று கேட்கிறேன். என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

2024 டிசம்பரில் ரியோவின் மரக்கானா மைதானத்தில் உன் விடைபெறும் ஆட்டம். பெரிய திரையில் உன் அப்பாவைப் பார்த்து நீ அழுததை நானும் பார்த்தேன். பாதியில் நிறுத்திவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். மீதியை இன்னும் பார்க்கவில்லை.