மலை ரயில் எஞ்சினின் பிறந்த வீடு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் இதழில் நீலகிரி மலை ரயிலைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். அதன் நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டவை என்று கட்டுரையாளர் ஒரே வரியில் சொல்லி முடித்திருந்தார். அவை உருவான தொழிற்சாலை இருந்த இடத்தைச் சென்ற ஆண்டு நேரில் பார்த்து வந்தவன் என்ற முறையில், அந்த ஒரு வரிக்குள் அடங்காத சிலவற்றை எழுத விரும்புகிறேன்.

என் தந்தை குன்னூர் லோகோ ஷெட்டில் பிட்டராக இருந்தவர். பள்ளி விடுமுறையில் அவருக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோகும் போதெல்லாம் எஞ்சினில் பதித்திருந்த தகட்டை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். விண்டர்தூர் என்ற ஊர்ப் பெயரும், ஓர் எண்ணும், ஆண்டும் அதில் இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கேறிய கந்தலால் அவர் அதைத் துடைத்தால், மேடாக இருக்கும் எழுத்துகள் முதலில் பளிச்சிடும். பள்ளத்தில் கரி அப்படியே தங்கிவிடும். அந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை, மகள் ஜூரிச்சில் வேலைக்குப் போன பிறகுதான், என் அறுபத்தெட்டாம் வயதில் நிறைவேறியது.

ஜூரிச்சிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. விண்டர்தூர் நிலையத்தை விட்டு வெளியே வந்து சிறிது தூரம் நடந்தாலே பழைய தொழிற்சாலைப் பகுதி தொடங்கிவிடுகிறது. சார்லஸ் பிரவுன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1871-ல் இங்கே தொடங்கிய சுவிஸ் லோகோமோட்டிவ் அண்டு மெஷின் ஒர்க்ஸ், பக்கத்திலேயே இருந்த சுல்சர் என்ற இயந்திர நிறுவனத்தின் கைக்கு 1961-ல் போய், 1998-ல் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டது. இன்று அங்கே குடியிருப்புகளும் உணவகங்களும் வந்துவிட்டன. சுல்சரின் கொதிகலன் பட்டறை ஒன்றில் கட்டடக்கலைக் கல்லூரி நடக்கிறது. தரையில் பதிந்த தண்டவாளங்களைப் பல இடங்களில் பெயர்த்தெடுக்காமல் விட்டிருக்கிறார்கள். அவற்றின் மேல் சைக்கிளில் வந்த ஒரு சிறுமி, சக்கரம் பள்ளத்தில் சிக்காதபடி கைப்பிடியை லேசாக ஒடித்துக் குறுக்காகக் கடந்து போனாள். தினமும் போய்ப் பழகிய வழி என்பது பார்த்தாலே தெரிந்தது.

இவ்வளவும் தானாக மிஞ்சியதன்று. 1980-களின் இறுதியில் இப்பகுதியைப் பெருமளவு இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டத் திட்டம் போட்டபோது, ஊரில் எழுந்த எதிர்ப்புதான் அதைத் தடுத்தது. இப்போது எழும்பும் புதிய குடியிருப்புகளுக்குக்கூட எஞ்சின்களை நினைவூட்டும் பெயர்களைச் சூட்டுகிறார்கள். மரத்தால் கட்டிய ஒன்றுக்கு, சுவிட்சர்லாந்தின் காட்ஹார்ட் மலைப்பாதையில் ஓடிய மின்சார எஞ்சினின் செல்லப் பெயரான 'முதலை' என்றே பெயர். ஆனால் நான் தேடிய வரையில் நீலகிரியின் பெயரை அங்கே எங்கும் காண முடியவில்லை என்பது எனக்கு வருத்தமாகவே இருந்தது.

ஏனென்றால் அந்தப் பட்டறையின் கைத்திறன் இன்றும் மூச்சுவிடும் இடங்களில் நம் மலையும் ஒன்று. 1914 முதல் 1925 வரையிலும், மீண்டும் 1952-லும் விண்டர்தூரிலிருந்து நீலகிரிக்கு வந்த எக்ஸ் வகை எஞ்சின்களுக்கு நான்கு சிலிண்டர்கள் உண்டு. கீழே உள்ள இரண்டும் சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். மலையடிவாரத்துக் கல்லாறு நிலையத்தைத் தாண்டி, நடுவே பற்கள் கொண்ட பல் தண்டவாளத்தில் ஏறியதும், கீழ்ச் சிலிண்டர்களில் வேலை செய்து வெளியேறும் நீராவியே மேலே உள்ள இரண்டுக்கும் போய்ப் பற்சக்கரங்களைச் சுழற்றும். பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றத்தில், பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு இந்த எஞ்சின் ஏறும் ஓசையைக் கேட்டே எந்தச் சிலிண்டரில் கோளாறு என்று என் தந்தை சொல்லிவிடுவார்.

1992-ல், நீராவிக் காலம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்திருந்த வேளையில், அதே விண்டர்தூர் நிறுவனம் தன் நாட்டு மலைப்பாதை ஒன்றுக்கு எண்ணெயில் எரியும் புதிய பல்சக்கர நீராவி எஞ்சினைச் செய்தது. திருச்சி பொன்மலைப் பணிமனை 2011 முதல் நம் மலைக்குப் புதிய எக்ஸ் வகை எஞ்சின்களைச் செய்து கொடுத்திருக்கிறது. பிறந்த வீட்டில் உலை அணைந்த பிறகும் புகுந்த வீட்டில் அதே குலத்து எஞ்சின் பிறப்பது எவ்வளவு பெரிய செய்தி! பொன்மலைத் தொழிலாளர்களின் இந்தச் சாதனையைத் தங்கள் இதழ் விரிவாக எழுத வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள்.

இன்னொன்றும் உண்டு. குன்னூர் ஷெட்டிலும் பொன்மலையிலும் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பிட்டர்கள், டிரைவர்கள், பயர்மேன்கள், பெட்டிக்குப் பெட்டி நின்று கொடி பார்த்துப் பிரேக் பிடித்த பிரேக்ஸ்மேன்கள் ஆகியோரின் கைப்பழக்கமும் காதுப்பழக்கமும் எந்த வரைபடத்திலும் இல்லை. அவர்களில் பலர் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். ரயில்வே நிர்வாகமோ, பல்கலைக்கழகம் ஒன்றோ அவர்கள் பேச்சை இப்போதே ஒலிப்பதிவு செய்து, எழுத்திலும் கொண்டுவந்து, அதன் ஒரு படியை விண்டர்தூருக்கும் அனுப்ப வேண்டும்.

என் தந்தை பென்சிலால் எழுதி வைத்த பழுதுக் குறிப்பேடு ஒன்று என்னிடம் இருக்கிறது. சில பக்கங்களில் அவருடைய கட்டைவிரல் கரி இன்னும் படிந்திருக்கிறது. இந்தப் பணியை யார் எடுத்துச் செய்தாலும் அதை ஒப்படைக்க ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
குன்னூர் வாசகர்