அஷ்டமி நிலவு

ஆயர் ஈத்தாம்,
பினாங்கு.

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. தாமதத்துக்கு முழங்கால்தான் காரணம் என்று எழுதினால் நம்பிவிடுவாய். ஆனால் முழங்கால் தேவலை, படி ஏறும்போது மட்டும் முனகுகிறது. உண்மைக் காரணம் நிலா.

பேத்திக்குத் தொலைநோக்கி வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். தீபாவளிக்கு முன்னால் 280 வெள்ளி கொடுத்து நானே ஒன்றை வாங்கிவிட்டு, ஒரு வாரம் வீட்டில் திட்டும் வாங்கினேன். "இவ்வளவு வெள்ளி போட்டதற்கு முதலில் வெள்ளியையே பாருங்கள்" என்று மருமகன் கிண்டல் செய்தான். பார்த்தேன். பாதி நிலவைப் பொட்டளவுக்குச் சுருக்கி வைத்ததுபோல் இருந்தது. வெள்ளிக் கிரகத்துக்கும் வளர்பிறை, தேய்பிறை உண்டு என்பதை இந்த வயதில் கண்ணால் கண்டேன்.

பெட்டியின் மேல் "525 மடங்கு" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதை நம்பாதே. முகப்பு லென்ஸின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ, அதைப்போல் இரண்டு மடங்குதான் உருப்பெருக்கத்தின் எல்லை. என்னுடையது 70 மில்லிமீட்டர், ஆக 140. அதற்கு மேல் பெரிதாக்குவது, மாவில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போய்த் தோசையைப் பெரிதாக்குகிற கதை. குழாயின் குவியத் தூரம் 700 மில்லிமீட்டர். அதைக் கண் வைக்கும் லென்ஸின் எண்ணால் வகுத்தால் கணக்கு வந்துவிடும்: 25 எண் லென்ஸில் 28 மடங்கு, 10 எண் லென்ஸில் 70 மடங்கு. மூன்று மடங்காக்கும் துண்டு ஒன்றும் கூட வந்தது. அது பெட்டியிலேயே தூங்குகிறது.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போய்விட்டுக் களைத்துத் திரும்பினேன். முழுநிலவாயிற்றே என்று ஆசையாகக் குழாயைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன். கண் கூசியதுதான் மிச்சம். சுண்ணாம்பு பூசிய தட்டுப்போல் ஒரே வெளுப்பு. மேடு எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. பௌர்ணமியில் சூரியன் நம் முதுகுப்பக்கம் நின்று நிலவுக்கு நேரே வெளிச்சம் அடிக்கிறது. நிழலே விழாதபோது மலை எப்படித் தெரியும்? ஏமாந்து போய் மடக்கி வைத்துவிட்டேன்.

பிறகுதான் சமையலறை நாட்காட்டியில் திதி பார்க்கத் தொடங்கினேன். அஷ்டமி, நவமியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்று உன் அம்மா சொல்வாரே, இந்தக் காரியத்துக்கு வளர்பிறை அஷ்டமியைவிட நல்ல நாள் கிடையாது. பகலுக்கும் இரவுக்கும் நடுவிலுள்ள கோடு அன்று நிலவின் நட்டநடுவில் ஓடும். அந்தக் கோட்டோரம் நிழல்கள் நீண்டு கிடக்கும்.

அன்று இருட்டும்போது நிலா தலைக்கு நேரே நின்றது. நம் ஊர் பூமத்திய ரேகைக்கு ஐந்தரை டிகிரிக்குள் இருப்பதால் இப்படி. பன்னிரண்டாம் மாடி நடையிலிருந்து பார்த்தால் கூரைதான் தெரியும். எனவே மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு இறங்கினேன். ஐந்து நிமிடத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. மூன்றாம் மாடிச் சீனப் பாட்டியின் பேரன் நிலவை நோக்கி விரல் நீட்டினான். பாட்டி அவன் கையைத் தட்டிவிட்டாள். நிலவைச் சுட்டிக் காட்டினால் காது அறுபடுமாம். "இந்தக் குழாயும் நீட்டிக்கொண்டுதானே நிற்கிறது, இதற்கு யார் காது போகும்?" என்று கேட்டேன். "வாங்கியவன் காது" என்றாள். ஆனாலும் எல்லோரையும்விட அதிக நேரம் பார்த்தவள் அவள்தான்.

70 மடங்கில் நிலவின் நடுவே மேலும் கீழுமாக மூன்று பெரும்பள்ளங்கள் தெரிந்தன. அவற்றில் பெரியது தாலமி. குறுக்களவு சுமார் 150 கிலோமீட்டர், ஏறக்குறைய பட்டர்வொர்த்திலிருந்து ஈப்போவுக்கு நெடுஞ்சாலையில் போகிற தூரம். அடுத்தது அல்போன்சஸ். அதன் உள்ளே கரிய இருட்டு, இருட்டின் நடுவே தனியாக ஒரு வெள்ளைப் புள்ளி. லென்ஸில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று ஊதிப் பார்த்தேன், போகவில்லை. அப்புறம்தான் விளங்கியது. அது பள்ளத்தின் நடுவே நிற்கும் மலையின் உச்சி. அடிவாரத்துக்கு இன்னும் விடியவில்லை, உச்சிக்கு விடிந்துவிட்டது. தோட்டத்தில் ரப்பர் மரத் தலைகளில் வெயில் விழுந்த பிறகும் நம் லயத்து வாசல் இருட்டாகவே கிடக்குமே, அப்படி. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன், புள்ளி தடித்திருந்தது. நம் பூமத்திய ரேகைபோல் நிலவுக்கும் உள்ள நடுக்கோட்டில் விடியல் மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. நாம் பள்ளிக்கு சைக்கிள் மிதித்த வேகம்தான். நீ பின்னால் உட்கார்ந்துகொண்டு என்னை மிதிக்க வைத்ததை நான் மறக்கவில்லை.

படம் எடுப்பது தனிக் கூத்து. கைப்பேசியைக் கையால் பிடித்து முப்பது படம் எடுத்தேன், முப்பதிலும் வெள்ளை இட்லி. கைப்பேசியின் இரவு வசதியை முதலில் நிறுத்த வேண்டும். சுற்றிலும் இருட்டாக இருந்தாலும் நிலா என்பது நல்ல வெயிலில் கிடக்கும் பாறை, பகல் படம்போல்தான் எடுக்க வேண்டும். திரையில் நிலவைத் தொட்டு, வெளிச்சத்தைப் பள்ளங்கள் தெரியும்வரை இறக்கு. விரல் பட்டாலே குழாய் நடுங்கும், அதனால் மூன்று விநாடி தாமதம் வை. கைப்பேசியைக் கவ்விப் பிடிக்கும் மலிவான பிடி ஒன்று கிடைக்கிறது, கட்டாயம் வாங்கு. அப்படியும் 70 மடங்கில் இரண்டு நிமிடத்தில் நிலா நழுவிவிடும், குழாயைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இத்துடன் வைத்திருக்கும் படத்தில் இடம் வலமாக மாறியிருக்கிறது. கண் வைக்கும் முனையில் ஒளியை மடக்கிவிடும் சாய்ந்த கண்ணாடியின் வேலை அது. வேண்டுமென்றே திருத்தாமல் அனுப்புகிறேன், பேத்தி கண்டுபிடிக்கிறாளா பார்.

வாங்கும்போது குழாயைவிட முக்காலியைக் கவனி. தட்டினால் ஆடி அடங்க ஐந்து விநாடி ஆகிறதென்றால் வேண்டாம். துருவ நட்சத்திரத்துக்கு நேராக அச்சை நிறுத்தும் ஏற்பாடு நமக்கு ஒத்துவராது. இங்கே அந்த நட்சத்திரம் அடிவானத்தை ஒட்டிக் கிடப்பதால் மலிவான அச்சுகள் அவ்வளவு தாழ இறங்குவதில்லை. மேலும் கீழும், இடமும் வலமும் திரும்புகிற சாதாரண வகையே போதும். குறிபார்க்கும் சிறுகுழாயைப் பகலிலேயே சரிசெய்துகொள். நான் கொம்தார் கோபுரத்தின் உச்சியை வைத்துச் செய்தேன். உனக்குக் கோலாலம்பூரில் கோபுரத்துக்கா பஞ்சம்? ஆனால் பகலில் சூரியன் பக்கம் திருப்ப விடாதே. கண் பக்கம் திருகுகிற கறுப்புச் சூரியக் கண்ணாடி கூட வந்தால் உடைத்து எறிந்துவிடு. அது சூட்டில் வெடித்தால் கண் போய்விடும். பார்த்து முடித்ததும் ஈரம் உலர்த்தி, சிலிக்கா பொட்டலம் போட்டு மூடி வை. நம் ஊர்ப் புழுக்கத்தில் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும்.

அடுத்த வளர்பிறை அஷ்டமிக்கு முதல் நாளே பேத்தியோடு ரயிலேறி வா. பட்டர்வொர்த்தில் இறங்கினால் படகுத்துறைக்கு வந்து அழைத்துப் போகிறேன். வரும்போது கொசுவர்த்தி வாங்கி வா, இங்கே நிறுத்துமிடத்துக் கொசுவுக்கு என் ரத்தம் அலுத்துவிட்டது.

உன் பழைய சைக்கிள் தோழன்