ஏக்கமா, உண்ணியா?

அன்புள்ள விஜி,

உன் கடிதம் நேற்று வந்தது. நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். முதலில் எழுந்து போய் உன் நாய் மிளகின் கீழ் இமையை விரலால் மெல்ல இழுத்துப் பார். உள்சதை இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்தோ மஞ்சள் பாய்ந்தோ இருந்தால் கடிதத்தை அப்படியே போட்டுவிட்டு வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு ஆட்டோ பிடி. எல்லோரும் ஈறைப் பார்க்கச் சொல்வார்கள். அவன் கறுப்பு நாய், ஈறும் பாதி கறுப்பாகத்தான் இருக்கும், நிறம் தெரியாது. அதனால் இமை.

பார்த்தாயா? சிவப்பாக இருந்தால் உட்கார்ந்து மேலே படி. போனில் சொல்லியிருக்கலாம்தான். போனில் என்னை நீ ஒரு வாக்கியம் முடிக்கவிட்டது உண்டா?

"நித்யா புனே போனதிலிருந்து மிளகு சரியா சாப்பிடல, அவ கட்டிலுக்கு அடியிலயே கெடக்கான், அவனுக்கு எல்லாம் புரியுதுடி" என்று பக்கம் பக்கமாக உருகியிருக்கிறாய். எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்லவில்லை. ஆனால் மூன்றாம் பக்கத்து ஓரத்தில், போகிற போக்கில், "போன மாசம் காதுக்குள்ள ரெண்டு மூணு உண்ணி இருந்துது, புடுங்கிட்டேன்" என்று ஒரு வரி. மொத்தக் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாத வரி அதுதான்.

சென்னையில் நாய் சாப்பாட்டை வெறுத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டிக் ஃபீவரை, அதாவது உண்ணிக் காய்ச்சலை. ஏக்கம் பிறகு. நம் ஊரில் நாய்மேல் ஏறுவது பெரும்பாலும் பழுப்பு நாய் உண்ணி. அது கடிக்கும்போது எர்லிக்கியா என்ற பாக்டீரியாவை ரத்தத்தில் விட்டுவிடும். கடித்து 8 நாளிலிருந்து 20 நாளுக்குள் காய்ச்சல், சோர்வு, பசியின்மை. போன மாதம் உண்ணி, இந்த மாதம் சாப்பாடு இறங்கவில்லை. நீயே கணக்குப் போட்டுக்கொள். நித்யா ரயில் ஏறிய தேதி நடுவில் வந்து விழுந்ததால் பழி அவள்மேல் போய்விட்டது.

இதில் பொல்லாத விஷயம் என்னவென்றால், சில வாரத்தில் காய்ச்சல் தானாகவே அடங்கிவிடலாம். நாய் சாப்பிடும், வாலாட்டும், "மனசு தேறிட்டான்" என்று நீயும் நிம்மதியாகிவிடுவாய். கிருமி மண்ணீரலில் பதுங்கிக் கிடக்கும். மாதக்கணக்கில், சில நாய்களுக்கு வருடக்கணக்கில்கூட. அப்புறம் ஒருநாள் எலும்பு மஜ்ஜையைத் தாக்கி, மூக்கில் ரத்தம் வந்த பிறகு தூக்கிக்கொண்டு ஓடினால், காப்பாற்றுவது கஷ்டம்.

வீட்டிலேயே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று தனியாக வாங்கு. நுனியில் வாசலைன் தடவி ஆசனவாயில் ஓர் அங்குலம் வை. பாலு முன்னால் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொள்ளட்டும். 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் அவனுக்கு இயல்பு. நமக்குக் காய்ச்சலாகப் படும் சூடு அவனுக்குச் சாதாரணம். அதனால்தான் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. 103ஐத் தாண்டினால் காய்ச்சல், 104 என்றால் அந்த நிமிடமே கிளம்பு. அந்தத் தெர்மாமீட்டரில் நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டு வை, பாலு வாயில் வைத்துத் தொலைக்கப் போகிறார். மூக்கு ஈரமா, காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதால் பிரயோஜனமில்லை. தூங்கி எழுந்த எந்த நாய்க்கும் மூக்கு காய்ந்துதான் இருக்கும்.

வயிற்றுப் பக்கம், தொடையின் உட்பக்கம் ரோமம் குறைந்த இடத்தில் குண்டூசித் தலை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா பார். ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் இறங்கினால் தோலுக்கடியில் ரத்தம் கசியும். சிறுநீர் காபி நிறத்தில் போனால் அதையும் டாக்டரிடம் சொல். அது பபீசியா என்ற வேறொரு கிருமியாக இருக்கலாம். அதே உண்ணிதான் பரப்பும், ஆனால் மருந்து வேறு. நன்றாகத் தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கு. 30ஐத் தாண்டக்கூடாது.

டாக்டரிடம் உண்ணிக் கதையை முதல் வாக்கியமாகச் சொல். நித்யா கதையை ஆரம்பித்தால் முடிக்க மாட்டாய். முழு ரத்தப் பரிசோதனையும், கண்ணாடித் தட்டில் ரத்தம் தடவிப் பார்க்கும் ஸ்மியரும் எடுப்பார்கள். பிளேட்லெட் சுமாராக 2 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை இருக்க வேண்டும். எர்லிக்கியா என்றால் பெரும்பாலும் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்தான், எடை பார்த்து அளவு சொல்வார்கள், வழக்கமாக 28 நாள். இங்கேதான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். இரண்டு மூன்று நாளில் நாய் துள்ளிக் குதிக்கும், உடனே மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். நீ நிறுத்தாதே. வெறும் வயிற்றில் கொடுக்காதே, வாந்தி எடுப்பான். தொண்டையில் போட்டுவிட்டு அப்படியே விடாதே, உணவுக் குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாகிவிடும். சாப்பாட்டோடு கொடுத்துப் பின்னால் தண்ணீர் குடிக்க வை. உன் கைவசம் இருக்கும் ஒரே உத்தி தயிர்சாதத்தில் ஒளித்து வைப்பது. அது வேண்டாம், தயிரிலிருக்கும் கால்சியம் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேகவைத்த கோழித் துண்டுக்குள் வை.

காய்ச்சல் என்று நம் வீட்டு மாத்திரை எதையும் உடைத்துக் கொடுத்துவிடாதே. ஐபுபுரூஃபன் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாரசிட்டமால் உன் மொட்டைமாடிப் பூனைக்கு எமன். உண்ணி மருந்திலும் அதே எச்சரிக்கை. நாய்க்குத் தடவும் பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனைக்கு விஷம், மிளகின்மேல் அது காயும்வரை பூனையைக் கிட்டே விடாதே.

இனி உண்ணி இருந்தால் கையால் பிடுங்காதே. முனை கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழு. மண்ணெண்ணெய், தீக்குச்சி வேண்டாம். நகத்தில் வைத்து நசுக்காதே, சோப்புத் தண்ணீரில் போடு. காதுக்குள், கால் விரலிடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில், வாலடியில் தேடு. நாய்மேல் இருப்பது கொஞ்சம்தான், விஜி. இந்த வகை உண்ணி வாழ்நாளில் பெரும்பகுதியை வீட்டுக்குள்தான் கழிக்கும். சுவர் விரிசல், கட்டில் சட்டம், ஜன்னல் திரை மடிப்பு. ஒவ்வொரு பெண் உண்ணியும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். உங்கள் வீட்டில் விரிசலுக்குக் குறைவில்லை, அதை பாலுவிடம் நான் சொன்னதாகச் சொல்லாதே. நித்யா கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்.

சரி, இப்போது உன் பெரிய விஷயத்துக்கு வருகிறேன். "தெருமுனை திரும்பறதுக்குள்ள அவர் வர்றது அவனுக்குத் தெரியுது, இது என்ன சக்தி?" என்று கேட்டிருக்கிறாய். சக்தியேதான், ஆனால் நீ நினைக்கும் வகை இல்லை. நமக்குக் கேட்காத 40,000 ஹெர்ட்ஸ் ஒலியும் அவன் காதுக்கு எட்டும். நங்கநல்லூர் தெருவில் எத்தனை வண்டி போனாலும் பாலு வண்டியின் இரைச்சல் தனியாகத் தெரியும். அதோடு நீ வேறு இருக்கிறாயே. ஆறரை ஆனதும் கடிகாரத்தைப் பார்க்கிறாய், டிகாக்‌ஷன் இறங்கியதா என்று பார்க்கிறாய், நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொள்கிறாய். அவன் பாலுவைக் கண்டுபிடிக்கவில்லை, உன்னைப் படிக்கிறான். ஒருநாள் உன்னிடம் சொல்லாமல் பாலு நாலு மணிக்கு ஆட்டோவில் வரட்டும், அப்போது பார்.

பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கூட்டல், பெருக்கலுக்கெல்லாம் குளம்பைத் தட்டி விடை சொன்னது. 1907இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் சோதித்துப் பார்த்தார். கேட்பவருக்கே விடை தெரியாவிட்டாலோ, கேட்பவர் குதிரையின் கண்ணில் படாவிட்டாலோ, அது தோற்றுப்போனது. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை தன்னை அறியாமல் துளி அசையும், குதிரை அங்கே நிறுத்திவிடும். எல்லோரும் "ஏமாற்று" என்று சிரித்தார்கள். அடுத்த மனிதர் பார்க்காததை ஒரு குதிரை பார்த்ததே, எனக்கு அந்தக் கணக்கைவிட இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

வாசனையும் உண்டு. 2022இல் பெல்ஃபாஸ்ட்டில் ஆட்களை 9000த்திலிருந்து 17 17 ஆகக் குறைத்துச் சத்தமாக எண்ணச் சொல்லி, பதற்றத்துக்கு முன்னும் பின்னும் அவர்களுடைய வியர்வையையும் மூச்சையும் எடுத்தார்கள். பயிற்சி பெற்ற 4 நாய்கள் பதற்ற வாசனையை நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சரியாகப் பிரித்தன. நம் கணக்கு மிஸ் வகுப்பில் நாம் எப்படி நாறியிருப்போம் என்று நினைத்துக்கொண்டேன்.

'தெருவுல எடுத்த நாய்தானே' என்று உன் ஓர்ப்படி சொன்னாளாமே, அவளிடம் சொல்: கொல்கத்தா ஐசர் அறிவியல் கல்வி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களைத்தான் ஆராய்கிறது. பழகாத ஆள் கை நீட்டிக் காட்டினாலே, அருகில் வரத் துணிந்த நாய்களில் பெரும்பாலானவை அந்தப் பக்கம் போயின. எந்தப் பயிற்சியும் இல்லாமல். பிஸ்கட் போட்டதைவிடத் தலையைத் தடவிக்கொடுத்ததில்தான் அவற்றின் நம்பிக்கை வளர்ந்தது என்றும் கண்டார்கள். நீ பாக்கெட் பாக்கெட்டாக பிஸ்கட் வாங்குவதை நிறுத்தலாம்.

ஆக, அவன் உன்னைப் படிப்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் சண்டை உன்னோடு. அவன் உன்னைப் படிக்கிறான், நீ அவனிடம் உன்னையே படிக்கிறாய். "செருப்பைக் கடிச்சுட்டு குற்ற உணர்ச்சில மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கறான்" என்றாய். நியூயார்க்கில் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் பார்த்துவிட்டார். தப்பே செய்யாத நாயும், திட்டினால் அதே மூஞ்சியைத்தான் வைத்துக்கொண்டது. அது குற்ற உணர்ச்சியில்லை, நீ கையை ஓங்குவதைப் பார்த்து 'விட்டுவிடேன்' என்று கெஞ்சுவது. ஜெயந்தி பேரன் கழுத்தைக் கட்டிக்கொள்ளும்போது மிளகு உதட்டை நக்குகிறான், கொட்டாவி விடுகிறான் என்று நீயே வேடிக்கையாக எழுதியிருக்கிறாய். அது வேடிக்கையில்லை. கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரிந்து, உடம்பு விறைத்தால் உடனே பையனை விலக்கு. அடுத்தது உறுமல், அதற்கடுத்தது கடி. உறுமினால் அடிக்காதே. உறுமலை அடக்கினால் எச்சரிக்கை இல்லாமல் கடிக்கப் பழகிவிடும். ரேபிஸ் ஊசித் தேதியையும் ஒருமுறை பார்த்துவிடு.

ஏக்கம் கிடையாது என்று சொல்லவில்லை. வீட்டிலிருந்து ஒருவர் போனால் நாய்க்குச் சாப்பாடு குறையும், வாசலில் போய்ப் படுக்கும். ஆனால் ஏங்குகிற நாய்க்கு ஈரல் வறுக்கும் வாசனை வந்தால் தலை தூக்கும், சங்கிலி சத்தம் கேட்டால் எழுந்து வரும், காய்ச்சல் இருக்காது. நோய் கண்ட நாய் ஈரலையும் முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுக்கும். ஒரு முழு நாள் ஒன்றும் சாப்பிடாவிட்டால் ஏக்கமா இல்லையா என்ற ஆராய்ச்சியே வேண்டாம், டாக்டர்தான்.

ரத்தம் சரியாக இருந்து ஏக்கம்தான் என்று ஆனால், நித்யா அழைத்துப்போன அதே நேரத்தில் அதே தெருவில் நடக்கவை, காலை ஆறுக்குள், தார் சுடுவதற்கு முன். தட்டைப் பதினைந்து நிமிடம் வை, தொடாவிட்டால் எடுத்துவிடு, அடுத்த வேளைக்குத்தான். பக்கத்தில் உட்கார்ந்து "சாப்பிடு கண்ணா" என்று கெஞ்சினால் சாப்பிடாமலிருப்பதே அவனுக்கு உத்தியாகிவிடும். நித்யாவின் துவைக்காத துப்பட்டா ஒன்றைப் படுக்கையில் போடு. வீடியோ காலில் அவள் குரலைக் கேட்டு வாசலுக்கு ஓடி முனகினால், அவன் எதிரில் ஸ்பீக்கர் போடாதே.

இன்னொன்று. கோபித்துக்கொள்ளாதே. ஸ்வீடனில் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தார் 58 நாய்களின் ரோமத்தையும் அவற்றை வளர்ப்பவர்களின் தலைமுடியையும் எடுத்து, மாதக்கணக்கில் படிந்த கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவைப் பார்த்தார்கள். 2019இல் வெளியானது. வளர்ப்பவருக்கு ஏறியிருந்தால் நாய்க்கும் ஏறியிருந்தது. அவை ஆடு மேய்க்கும் இனங்கள், மிளகுக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உன் கடிதம் முழுக்க மிளகு சாப்பிடவில்லை, மிளகு தூங்கவில்லை என்றே இருக்கிறது. நீ சாப்பிடுகிறாயா விஜி? ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறாய்? நித்யா ரூம் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நீயும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாயா? அடுத்த கடிதத்தில் நாயைப் பற்றி ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதே.

நாளைக் காலையிலேயே வேப்பேரி போய்விடு, கூட்டம் சேர்ந்தால் மதியமாகிவிடும். சங்கிலியோடு வாய்க்கவசமும் எடுத்துக்கொள், பழைய தடுப்பூசி அட்டையையும். பிளேட்லெட் எண்ணை வாங்கியதும் எனக்கு அனுப்பு. ஜெயந்தி பேத்தி காதுகுத்துக்கு மிளகைக் காரணம் காட்டி வராமலிருந்துவிடாதே. பாலு வீட்டிலிருந்து மாத்திரை கொடுக்கட்டும், நீ வா. அந்த எழும்பூர் லிஃப்ட் விவகாரத்தை அங்கே யாராவது கிளப்பினால் நான் பேச மாட்டேன், சத்தியம்.

அன்புடன்,
சுமதி