குமரகிரியில் என்னோடு நடந்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில், வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு சேலம் குமரகிரி மலை அடிவாரத்தின் மூன்றாம் படியிலேயே உட்கார்ந்துவிட்ட ஓர் ஓய்வுபெற்ற தமிழாசிரியையை உங்களில் பலருக்கு நினைவிருக்காது. அன்று என்னைக் கடந்து மேலே ஏறிப் போனவர்களில் மூவர் திரும்பி இறங்கி வந்து, "டீச்சர், படி வேண்டாங்க, வண்டிப் பாதையில மெதுவாப் போலாம், வாங்க" என்று கைகொடுத்தார்கள். ஓராண்டுக்குப் பிறகு நானாகவே நடந்து மேலே சென்று தண்டாயுதபாணியைத் தரிசித்து வருகிறேன் என்றால், அந்தக் கைகளிலிருந்துதான் அது தொடங்கியது. நேரில் சொல்லும்போதெல்லாம் நீங்கள் பேச்சை மாற்றிவிடுவதால், எழுத்திலேயே நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

முப்பத்திரண்டு ஆண்டுகள் கரும்பலகை முன் நின்றே பாடம் நடத்தியவளுக்கு மூட்டுத் தேய்மானம் வந்ததில் வியப்பில்லை. நடக்கச் சொன்னார் மருத்துவர். நடந்தால் இன்னும் தேய்ந்துவிடும் என்று பயந்து, நான் வீட்டுத் திண்ணையோடு நின்றுவிட்டேன். அந்தப் பயத்தைப் போக்கியவர் உங்கள் குழுவில் உள்ள, இயன்முறை மருத்துவம் படித்த தங்கைதான். படியிறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்கால் நம் உடல் எடையைப் போல் மூன்று மடங்குக்கும் மேலான சுமையைத் தாங்குகிறது என்றும், ஏறுவதைவிட இறங்குவதுதான் மூட்டுக்கு வேதனை என்றும், ஆகவே சரிவான பாதையில் நேராக இறங்காமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சற்றே வளைந்து வளைந்து இறங்க வேண்டும் என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். ஊன்றுகோலை நோவுள்ள காலின் பக்கத்திலேயே பிடித்திருந்தேன். அதை மறு கைக்கு மாற்றிக் கொடுத்தார். தவிர்க்க முடியாமல் படி வந்தால், ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது நோவுள்ள கால் முன்னே. இந்த ஒரு பாடத்தை நான் வகுப்பில் செய்யுள் ஒப்பிக்கச் சொல்வதைப் போல, அவர் என்னைத் தினமும் ஒப்பிக்கச் சொன்னார். தங்கையே, உனக்கு நான் மாணவியாக இருந்த அந்த மாதங்களைப் பெருமையாகவே நினைக்கிறேன்.

குமரகிரி சின்ன மலை, எளிய நடை என்று எல்லோரும் சொல்வார்கள். முதல் வாரம் நான் எட்டியது பாதையோரத்து வேப்ப மரம் வரைதான். அரை மணி நேரத்தில் உச்சிக்குப் போய்த் திரும்பக்கூடிய நீங்கள், அந்த வேப்ப மரத்தடியில் என்னோடு நின்றீர்கள். அடுத்த வாரம் அரப்பு மரம், அதற்கடுத்தது முதல் வளைவு என்று ஒவ்வொன்றாக எல்லை நகர்ந்தது. மூச்சு வாங்கியபடி பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம் என்று சொல்லி, நான் பேச்சை நிறுத்தினால் நீங்களும் நடையை நிறுத்தினீர்கள். என்னைக் காரணம் காட்டாமல், செருப்பு வாரைச் சரிசெய்வது போலவும் பறவை பார்ப்பது போலவும் நின்றதை நான் கவனிக்காமல் இல்லை.

அரப்பு மரத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நூல்களில் உசிலை என்று படித்திருக்கிறேன், பாடமும் நடத்தியிருக்கிறேன். எண்ணெய்க் குளியலுக்கு அம்மா தேய்த்துவிட்ட பச்சை நிறப் பொடியும் இந்த மரத்தின் இலைதான் என்பது, அறுபது வயதுக்குமேல் மலைப்பாதையில் நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. குழுவில் மூத்தவரான அக்கா, உதிர்ந்து கிடந்த இலைக்கொத்து ஒன்றை எடுத்து உள்ளங்கையில் கசக்கி என் மூக்கருகே நீட்டினார். புளியிலையைப் போல் பொடிப்பொடியான சிற்றிலைகள். கசக்கிய இடத்தில் ஈரம். அந்த மணத்தில் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் பழைய வீட்டின் பின்கட்டும், தண்ணீர் நிறைந்த அண்டாவும் அப்படியே வந்து நின்றன. அன்று முழங்கால் வலித்ததா என்பதே எனக்கு நினைவில்லை.

ஐப்பசி மழை ஓய்ந்த மறுநாள், நீர் அடித்துவந்து பாதையில் பரப்பியிருந்த சரளையில் நான் சறுக்கி விழுந்தேன். விசைத்தறிக் கூடத்தில் இரவு வேலை முடித்துவிட்டு, தூங்கப் போகும் முன் மலையேறி வரலாம் என்று வந்திருந்த இரண்டு இளைஞர்கள், தங்கள் துண்டால் என் முழங்காலை இறுகக் கட்டி, அடிவாரம் வரை தாங்கிவந்து ஆட்டோவில் ஏற்றிவிட்டுப் போனார்கள். பெயர் கேட்டேன், "அதெல்லாம் எதுக்குங்க" என்று சிரித்தார்கள். தம்பிகளே, துண்டைத் துவைத்து மடித்துப் பூக்கார அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். இன்னும் நீங்கள் வந்து வாங்கிக்கொள்ளவில்லை.

கோடையில் மரக்கன்றுகளுக்குத் தண்ணீர் சுமந்தவர்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். மாசி பிறந்ததும் இந்த மலையில் பாறை சுடத் தொடங்கிவிடுகிறது. புல் காய்ந்து, ஒரு பீடித் துண்டு போதும் சரிவு முழுவதும் எரிய என்ற நிலை வந்துவிடுகிறது. அப்போது நீங்கள் ஆளுக்கோர் ஐந்து லிட்டர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறினீர்கள். வேம்பு, புங்கு, சரக்கொன்றை என்று நட்டிருந்த கன்றுகளின் தூரைச் சுற்றித் தேங்காய் மட்டையைக் கவிழ்த்து அடுக்கி, தண்ணீரை மேலே ஊற்றாமல் மட்டை இடுக்கில் சொட்டுச் சொட்டாக இறக்கினீர்கள். காய்ந்த புல்லைக் கன்றுகளைச் சுற்றிக் கொத்தி அப்புறப்படுத்தினீர்கள். என்னால் சுமக்க முடிந்தது அரை லிட்டர்ப் புட்டி மட்டும். அதையும் ஒரு புங்கங்கன்றுக்கு என்று ஒதுக்கிக் கொடுத்தீர்கள். அது இப்போது என் இடுப்பளவு நிற்கிறது.

காலையில் பாதையைக் கூட்டும் கோயில் பணியாளர்களுக்கும், செருப்பையும் பையையும் காசு வாங்காமல் பார்த்துக்கொள்ளும் பூக்கார அம்மாவுக்கும் என் வணக்கம்.

கார்த்திகையில்தான் முதன்முறையாக உச்சி வரை சென்றேன். வடகிழக்கே சேர்வராயன் மலை, வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை என்று சுற்றிலும் மலைகள் நிற்க, நடுவில் நம் ஊர் தட்டில் வைத்ததுபோல் கிடந்தது. மலை என்று பொருள்படும் சைலம் என்ற சொல்லே சேலம் ஆயிற்று என்று ஒரு வழக்கு உண்டு. அதை எத்தனையோ முறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன்; நின்று பார்த்துச் சொன்னது அன்றுதான். நான் அழுததைப் பார்த்து நீங்கள் எல்லோரும் கஞ்சமலைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டீர்கள். அதற்கும் நன்றி.

தை மாதத்தில் என்னையும் ஏற்காட்டுக்கு அழைத்துச் சென்றீர்கள். ஏரியைச் சுற்றிய சாலையிலும், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்த காப்பித் தோட்டங்களின் ஓரத்திலும் நடந்தோம். அழகான நடைதான். ஆனால் குமரகிரிக்குப் பேருந்து ஏற வேண்டியதில்லை, விடுமுறைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பால் வாங்கப் போகிற தூரத்தில் ஒரு மலை இருக்கிறது என்பதையே நான் பெரிதாக எண்ணுகிறேன்.

இனி ஒரு செய்தி. நீங்கள் வாங்கித் தந்த மூங்கில் ஊன்றுகோல் எனக்கு இப்போது இறங்கும்போது மட்டுமே தேவைப்படுகிறது; அதற்கு என் வீட்டிலிருந்த பழைய கோல் போதும். ஆகவே மூங்கில் கோலுக்கு அடியில் புது ரப்பர் மாட்டி, இளைஞர்களின் துண்டோடு பூக்கார அம்மாவிடம் ஒப்படைத்திருக்கிறேன். முழங்கால் நோவோடு மலையேற வருகிறவர்கள் யாரும் அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இறங்கியதும் அங்கேயே திருப்பி வைத்துவிட வேண்டுகிறேன்.

நன்றியுடன்,
உங்கள் டீச்சர்,
அம்மாப்பேட்டை, சேலம்.